காசிக்கு வந்தும் கரையேறாத ஆல்கோ

காசியில் உயிரை விட்டவனுக்கு மறுபிறவி கிடையாது என்கிறார்கள். அமெரிக்காவில் உயிரை விட்டுவிட்டுக் காசிக்கு வந்து சேர்ந்தவன் கதி என்ன என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. ஆல்கோவைக் கேட்டால் சொல்லும்: முப்பது வருஷம் ஓவர்டைம்.

அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி என்பது முழுப்பெயர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்று, வாயில் நுழைவதற்குள் வண்டி போய்விடும் பெயர் கொண்ட ஊர். 1941-ல் இவர்கள் 'பிக் பாய்' என்ற ராட்சச நீராவி இன்ஜினைச் செய்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு டீசல் சரக்கு இன்ஜினை நாடு முழுக்க ஓட்டிக் காட்டி, ஆர்டர் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தது. போர் முடிந்ததும் ஆல்கோ அவசர அவசரமாக 244 என்றொரு டீசல் எஞ்சினை இறக்கியது. டர்போ மக்கர் செய்தது, கிராங்க் ஷாஃப்ட் காலை வாரியது. அடுத்து வந்த 251 உண்மையிலேயே உருப்படியான எஞ்சின். ஆனால் அது வந்தபோது கம்பெனியை நம்ப ஆளில்லை. போதாக்குறைக்கு, மின்சாதனங்களைச் செய்து கொடுத்துக்கொண்டு அதே ஊரில் இருந்த பங்காளி ஜெனரல் எலக்ட்ரிக், தானே முழு இன்ஜினையும் செய்து விற்க ஆரம்பித்தது.

இந்த நேரத்தில்தான் இந்தியா வருகிறது. 1957 முதல் நாம் வாங்கிய 100 டபிள்யூ.டி.எம்-1 இன்ஜின்களும் ஆல்கோ சரக்குதான். அவற்றுக்கு டிரைவர் கேபின் ஒரு முனையில் மட்டும். போன வண்டி திரும்பி வர வேண்டியிருக்கும் என்பது ஸ்கெனெக்டடியில் யாருக்கும் தோன்றவில்லை போலும். திருப்ப வேண்டுமானால் டர்ன்டேபிளைத் தேடவேண்டும், இல்லையென்றால் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டவேண்டும்.

வாரணாசியில் சொந்தமாக டீசல் இன்ஜின் தொழிற்சாலை வைக்க ரயில்வே முடிவெடுத்தபோது இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.எம்-4 கெட்டிக்கார வண்டி; பின்னாளில் ராஜதானியை இழுக்கப் போனதும் அதுதான். ஆனால் 'சாப்பாடு போடுகிறோம், சமையல் குறிப்பு மட்டும் கேட்காதீர்கள்' என்றது அந்தக் கம்பெனி. ஆல்கோவுக்கோ பிழைப்பே ஆட்டம் கண்டிருந்தது. குறிப்பு, பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. கெட்டிக்காரனை விட்டுவிட்டுக் கொடுக்கிறவனைப் பிடித்தது ரயில்வே. நம் அரசாங்கம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று என்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

1964 ஜனவரியில் வாரணாசியின் முதல் டபிள்யூ.டி.எம்-2 வெளியே வந்தது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், ஆறு அச்சு, 112 டன்னுக்கு மேல் எடை. 1969-ல் ஆல்கோ இழுத்து மூடப்பட்டது. துக்கம் விசாரிக்க வாரணாசிக்கு நேரமில்லை; அது பாட்டுக்கு 251-ஐ வார்த்துக்கொண்டிருந்தது. 1998 வரை இந்த ஒரு வகையில் மட்டும் 2,600-க்கும் மேலே. இலங்கை கூட 1996-ல் எம்-8 என்ற பெயரில் சிலவற்றை வாங்கிப் போனது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் ஆல்கோ கதை முடியாது. டிரைவர் நாட்ச் ஏற்றியதும் டீசல் சிலிண்டருக்குள் பாய்ந்துவிடும். காற்றை அழுத்திக் கொடுக்கவேண்டிய டர்போ மட்டும் சாவகாசமாகத்தான் சுழல ஆரம்பிக்கும். எரியாத டீசல் கன்னங்கரேலென்று மேலே போகும். நீராவி இன்ஜினை ஒழிக்க வந்ததாம் இது! பொன்மலை ஷெட் வண்டிகள் புறப்படும்போது துணி காயப்போட்டிருந்த வீடுகளில் ரயில்வேக்குக் கிடைத்த வாழ்த்துகளை அச்சில் ஏற்ற முடியாது. புகை போதாதென்று, எஞ்சினை அடைத்த நீள மூக்கு முன்னால் வருமாறு மாட்டிவிட்டால் டிரைவருக்குப் பாதை தெரியாது. கழுத்தை வெளியே நீட்டி சிக்னலைத் தேடவேண்டியதுதான்.

1995-ல் சரக்குக்கென்றே ஒரு தம்பி பிறந்தான்: 3100 குதிரைத்திறன், 123 டன். முதலில் டபிள்யூ.டி.ஜி-2 என்றார்கள். பிறகு எண் என்றால் ஆயிரக் கணக்கில் திறன், எழுத்து என்றால் நூறுக் கணக்கில் என்று ஒரு விதி போட்டு, டபிள்யூ.டி.ஜி-3ஏ என்று மாற்றினார்கள். 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்-2 அந்த விதிக்குள் வரவில்லை. மூத்தவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அதே 1990-களில், சமையல் குறிப்பு தரமாட்டேன் என்ற ஜெனரல் மோட்டார்ஸே குறிப்போடு காசிக்கு வந்தது. 4000 குதிரைத்திறன் டபிள்யூ.டி.ஜி-4 பிறந்தது. பழைய பங்காளி ஜெனரல் எலக்ட்ரிக் 2015-ல் வந்து, மார்ட்டன் மிட்டாய்க்குப் பேர்போன பீகாரின் மர்ஹௌராவில் 1,000 டீசல் இன்ஜின்கள் செய்து தர ஒப்பந்தம் போட்டது. மூன்றே வருஷத்தில், அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்கிவிடுவது என்று மத்திய அமைச்சரவை தீர்மானித்தது. ஒரு கையால் ஆயிரம் டீசலுக்கு ஆர்டர், மறு கையால் டீசலுக்கு விடைகொடுப்பு.

வாரணாசியில் அதற்குள் இரண்டு டபிள்யூ.டி.ஜி-3ஏ வண்டிகளின் வயிற்றைக் கிழித்து 251-ஐ எடுத்துப் போட்டு, தலையில் பான்டோகிராஃபைக் கட்டி, 10,000 குதிரைத்திறன் மின்சார ஜோடியாக்கினார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் கொடியசைத்தார். அடுத்த வருஷம் தொழிற்சாலையே பெயரிலிருந்த டீசலை உதறிவிட்டு பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது. ஆல்கோவை ஓரங்கட்டிய ஜெனரல் மோட்டார்ஸ் 2005-லேயே ரயில் இன்ஜின் கடையை விற்றுவிட்டது; ஜெனரல் எலக்ட்ரிக் 2019-ல் கைகழுவியது.