ஏக்கர் கணக்கில் வந்த இத்தாலியர்கள்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்று இத்தாலியச் சாப்பாட்டைப் பற்றி வகுப்பெடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பாஸ்தா பல்லில் லேசாகக் கடிபட வேண்டுமாம், ஒயினைச் சுழற்றி முகர்ந்த பிறகே வாயில் விட வேண்டுமாம், பதினொரு மணிக்கு மேல் கப்புச்சினோ கேட்பவன் காட்டுமிராண்டியாம். சரி, இருக்கட்டும். ஆனால் பெங்களூருக்கு இத்தாலி மொத்தமாக வந்து இறங்கியபோது கையில் மெனு கார்டு இல்லை. கைதி எண் இருந்தது.

கதை எகிப்துப் பாலைவனத்தில் ஆரம்பிக்கிறது. 1940-ல் முசோலினி உசுப்பிவிட, கிராஸியானி என்ற இத்தாலியத் தளபதி படையோடு எகிப்து எல்லை தாண்டினார். நூறு கிலோமீட்டர் போனதும் களைப்பு. சிடி பர்ரானியில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிசம்பர் 9 காலை, நிபேவா முகாமில் காலை உணவு தயாராகிக்கொண்டிருந்தபோது நம்ம 4-வது இந்திய டிவிஷனும் பிரிட்டிஷ் டாங்கிகளும் உள்ளே புகுந்தன. பின்னாலேயே போன நிருபர் ஆலன் மூர்ஹெட் பார்த்து எழுதியதில் பாதி மளிகைப் பட்டியல்: ஸ்பகெட்டி, பார்மசான் சீஸ், ஃப்ராஸ்காட்டி ஒயின், ரெகோவாரோ மினரல் வாட்டர். சண்டைக்கு வந்தவர்களா, சம்பந்தி விருந்துக்கு வந்தவர்களா என்று சந்தேகம் வரும்.

பிடிபட்டவர்களை எண்ணி மாளவில்லை. அதிகாரிகள் ஐந்து ஏக்கர், மற்றவர்கள் இருநூறு ஏக்கர் என்று ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் தகவல் அனுப்பியது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்று ஐந்து ஏக்கர் என்ன விலை என்று யோசித்தால் அந்த அதிகாரிகளின் மதிப்பு புரியும். 1941 பிப்ரவரிக்குள் கைதிகள் சுமார் 1,30,000 பேர்.

இத்தனை வாய்க்கு எங்கே சோறு போடுவது? ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஒரு பெரிய பங்கு பெங்களூர் ஜாலஹள்ளிப் பக்கத்து முகாம்களுக்கு வந்தது. அப்போது பிரதமர் சர்ச்சில். வாலிப வயதில் இதே பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குப்பை கொட்டியவர், கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனவர். கணக்குப் புத்தகம் பெங்களூர் கிளப்பில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பாக்கி வரவில்லை, கைதிகள் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 4-வது டிவிஷனில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகமே பெங்களூர் அல்சூரில்தான். பிடித்த தம்பிமார் பாலைவனத்தில் காய, பிடிபட்டவர்கள் அவர்கள் ஊர்க் காற்றை வாங்கினார்கள்.

இதில் மரினெட்டியைச் சும்மா விட முடியாது. 1930-ல் இந்த இத்தாலியக் கவிஞர் பாஸ்தாவை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கையே விட்டார். பாஸ்தா தின்பதால்தான் இத்தாலியன் சோம்பேறியாகிறானாம். அதற்குப் பதில் அரிசியைத் தின்னலாமாம். முசோலினிக்கும் கோதுமை இறக்குமதிச் செலவு உறுத்தியதால் அரிசிப் பிரசாரம் ஜோராக நடந்தது. நாட்டு மக்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அரிசி விளையும் நாட்டுக்கே வந்து சேர்ந்தார்கள், என்ன, சுற்றிலும் முள்வேலி. 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி கைதிக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் ஒரே அளவு ரேஷன். கருணையோடு எழுதிய விதிதான். ஆனாலும் இத்தாலியனுக்கு இங்கிலீஷ்காரன் சமையலைவிடக் கொடிய தண்டனை உண்டா?

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது; அக்டோபரில் அது ஜெர்மனி மீதே போர் தொடுத்தது. எதிரி, தோழனாகிவிட்டான். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பக் கப்பல் இல்லை என்று 1946 வரை பலரை இங்கேயே வைத்திருந்தார்கள்.

இத்தனை வருஷமும் அவர்களைச் சுற்றி விளைந்தது என்ன தெரியுமா? பெங்களூர் ப்ளூ. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கத்துக் கறுப்புத் திராட்சை. திராட்சை சாஸ்திரக்காரர்கள் கணக்கில் இது இஸபெல்லா ரகம். இத்தாலியில் ஸ்ட்ராபெரி வாசனைக்காக ‘உவா ஃப்ராகோலா’. அமெரிக்க ரத்தம் கலந்த சாதி. ஐரோப்பியச் சட்டப்படி இதன் சாற்றை ஒயின் என்று விற்க முடியாது. விவசாயிகள் வீட்டுக்கென்று வடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே பழத்தைத்தான் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் ஆன்டிமார் நவம்பரிலேயே பீங்கான் ஜாடியில் போடுகிறார்கள். கழுவி, பொட்டு ஈரமில்லாமல் துடைத்து, பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு சேர்த்து, வாயில் துணி கட்டி, தினம் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. நிறம் பத்தவில்லையென்றால் கருக்கிய சர்க்கரை. மூன்று வாரம் கழித்து வடிகட்டினால் கிறிஸ்துமஸ் ஒயின். சுழற்றவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். கேக்கோடு ஒரே மடக்கு.

வகுப்பெடுக்கும் நண்பர்களே, நீங்கள் தேடும் அசல் இத்தாலியக் கிராமத்துச் சரக்கு பக்கத்து வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. டிசம்பரில் போய்க் கேட்டு வாங்கிக் குடியுங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள்: உரிமம் இல்லாமல் விற்பது கர்நாடகக் கலால் சட்டப்படியும் குற்றம்.