செக்கிங் இல்லாத சரக்கு

முறிந்த ஊசி முனை ஒன்று பனியனுக்குள் சிக்கியிருந்தால் திருப்பூர் அதை விடாது. நீடில் டிடெக்டர் அலறும், பெட்டி நிற்கும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குழந்தையின் தோளை அது கீறிவிடக் கூடாதல்லவா? ஆனால் "கோயில் வாசலில் கறி கிடக்குது", "பள்ளிவாசலில் ஆயுதம் இறங்குது" என்று செல்போனில் வந்து இறங்கும் சரக்குக்கு மட்டும் செக்கிங்கே கிடையாது. வந்த கையோடு பேக்கிங், டெலிவரி.

கலவரமும் ஜாப் ஒர்க்தான் சாமி. கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம். லேபிள் ஒட்டுகிறவன் ஒருத்தன், லாபம் எண்ணுகிறவன் இன்னொருத்தன். ஜெயிலுக்குப் போவது மட்டும் பீஸ் ரேட்டுக்கு வந்த பையன்.

2020 மே மாதம் கோவை சலிவன் வீதியில் வேணுகோபால கிருஷ்ண சுவாமி கோயில் வாசலில் பன்றிக்கறி கிடந்தது. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த விரல்களுக்கெல்லாம் அன்றைக்கு உயிர் வந்தது. விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்தன. கேமராப் பதிவை வைத்துப் போலீஸ் பிடித்த ஆளின் பெயர் தெரிந்ததும் அதே விரல்கள் சத்தமில்லாமல் ஓய்வுக்குப் போய்விட்டன.

அதற்கு இரண்டு மாதம் முன்பு திருப்பூரிலேயே ஒரு பிரமுகர், தன்னை வெட்ட வந்தார்கள் என்று புகார் கொடுத்தார். போலீஸ் பாதுகாப்பு வாங்குவதற்காக ஆள் வைத்து அவரே நடத்திய நாடகம் என்று சொல்லிப் போலீஸ் அவரையே கைது செய்தது. பின்னால் ஒரு துப்பாக்கி நடந்து வந்தால்தானே முன்னால் நடப்பவர் தலைவர்!

2016 செப்டம்பரில் மதத்தைக் காக்கக் கிளம்பிய கூட்டம் துடியலூரில் செல்போன் கடையைச் சூறையாடியது, பிரியாணி அண்டாவையும் தூக்கிக்கொண்டு போனது. மதம் தப்பியதா தெரியவில்லை. அண்டா தப்பவில்லை.

அண்டாவைச் சொல்லிச் சிரிக்கலாம். 1997 நவம்பர் கடைசியில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்துக் கோவையில் 18 முஸ்லிம்களைக் கொன்றார்களே, அதைச் சொல்லிச் சிரிக்க முடியுமா? அதற்குப் பழிவாங்குகிறோம் என்று 1998 பிப்ரவரி 14 அன்று குண்டு வைத்து 58 உயிர்களைப் பறித்தார்களே, அதைச் சொல்லி? எந்தச் சாமி கேட்டது இந்தக் காணிக்கையை?

இதையெல்லாம் தடுக்கத்தான் அமைதிக் குழு இருக்கிறதாம். விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் கூடும். டீ, வடை, சால்வை, போட்டோ. மூன்று மதத்துக்காரர்களும் கைகோத்துச் சிரிப்பார்கள். வெளியே வந்ததும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் போனில் இருக்காது. முதலாளிகளைக் கேட்டால், "நமக்கெதுக்குங்க வம்பு, நாம தொழிலைப் பாப்போம்" என்பார்கள்.

அடேயப்பா, தொழிலைப் பார்த்த அழகை 2023 மார்ச்சில் பார்த்தோமே! வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் கிளம்பின. ஹோலிக்கு ஊர் போகும் கூட்டம் திரும்பி வராமல் போய்விடுமோ என்று பனியன் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே ஏற்றுமதியாளர் சங்கம் எழுந்தது, கலெக்டர் எழுந்தார். இந்தியில் அறிவிப்பு, உதவி எண் எல்லாம் வந்தன. பீகாரிலிருந்து அரசுக் குழு வந்து தொழிலாளிகளிடம் நேரில் பேசியது. பொய் பரப்பிய ஆளைத் தேடித் திருப்பூர் போலீஸ் ஜார்க்கண்ட் வரை போய்ப் பிடித்து வந்தது. வதந்தியைக் கொல்ல இந்த ஊருக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். நன்றாகத் தெரியும். மெஷின் நின்றால் தெரியும். கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் எரிந்தால் மட்டும் மறந்துபோகும்.

மறக்காத மனிதர்களும் இருக்கிறார்கள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. அடுத்த சில நாட்களில் ஜமாத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே போய் அர்ச்சகர்களைச் சந்தித்தார்கள். 2024 மே மாதம் படியூர் பக்கம் ஒட்டப்பாளையத்தில் விநாயகர் கோயிலுக்கு இடமில்லை என்றதும் ரோஸ் கார்டன் பள்ளிவாசல் ஜமாத் தன் நிலத்தில் 3 சென்ட் எழுதிக்கொடுத்தது. கும்பாபிஷேகத்துக்குச் சீர்வரிசைத் தட்டோடு வந்து நின்றது. இனி அந்தக் கோயில் மேல் ஒருவன் கல்லெடுத்தால் முதலில் ஓடி வந்து தடுப்பவர் யார்? சந்தேகமே வேண்டாம். இந்தச் செய்தியை எத்தனை குரூப்பில் அனுப்பினீர்கள்?

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. வீதிக்கு வீதி கோயில் கமிட்டியும் ஜமாத்தும் சபையும் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்திருக்க வேண்டும். ஊர்வல நாளில் அவரவர் வாசலில் அடுத்த மதத்துக்காரரை நிற்க வைக்க வேண்டும். கம்பெனி குரூப்பில் விஷம் போடும் சூப்பர்வைசரை, தையல் விட்டுப்போன பீஸைத் திருப்பி அனுப்புகிற அதே கண்டிப்போடு கேட்க வேண்டும்.

இதற்கும் நேரமில்லை, ஆர்டர் போனால்தான் கோபம் வரும் என்றால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கல் விழும்போது போலீஸைக் கூப்பிடாதீர்கள். பையரைக் கூப்பிடுங்கள்.