கூப்பன் சாஸ்திர விசாரம்

களமும் காரணமும்

அகத்துக்கும் புறத்துக்கும் இலக்கணம் வகுத்த நம் புலவர் பெருமக்கள், ஆயிரத்து இருநூறு ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய காரியத்தை ஆயிரத்து முந்நூறு கொடுத்து முடித்துவிட்டு, ‘இருநூறு ரூபாய் மிச்சம்’ என்று வீட்டாரிடம் முகமலர்ச்சியோடு அறிவிக்கும் அபூர்வமான மனநிலை எத்திணையைச் சார்ந்தது என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இச்சிறு ஆராய்ச்சியின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குரிய களமாகப் புன்னக்காயலைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. தாமிரபரணி தன் வண்டலைச் சுமந்துவந்து கடலைத் தள்ளித் தள்ளி வைக்க, கொற்கையில் இருந்த வாணிபம் பழையகாயலுக்கும், அங்கிருந்து ஆற்றின் முகத்துவாரமாகிய புன்னக்காயலுக்கும் நகர்ந்தது. மார்க்கோ போலோ வர்ணித்த காயல் அந்தப் பழையகாயலே என்பது கால்டுவெல் பாதிரியாரின் முடிபு. முத்தும் குதிரையும் கைமாறிய இக்கரையில் துறைமுகம் இடம் மாறியதேயன்றி, ‘கடைசியாக என்ன விலை?’ என்னும் கேள்வி மாறியதில்லை.

இரண்டாவது காரணம் அச்சு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியபின், அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னக்காயலிலேயே அச்சிடப்பட்டதாகக் கொள்வர். தமிழ் அச்சுக்குத் தொட்டில் கட்டிய அப்பெரியோர்களுக்கு ஒரே ஒரு நுட்பம் மட்டும் தெரிந்திருக்கவில்லை. சலுகையைக் கொட்டை எழுத்திலும், அச்சலுகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிபந்தனைகளைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்திலும் ஒரே தாளில் இடுவது பிற்காலத்தாரின் கண்டுபிடிப்பு.

மூன்றாவது காரணமே தலையாயது. அது உரிய இடத்தில் வரும்.

இலக்கணம்

கூப்பனாவது யாது? ‘இன்ன பொருளை, இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு வாங்கினால், இவ்வளவு குறைத்துக்கொள்வோம் என விற்போன் தரும் வாக்குறுதி’ என்பது நாம் வகுக்கும் சூத்திரம். இதில் ‘குறைத்துக்கொள்வோம்’ என்பதையே உலகோர் பயிலுவர். ‘உட்பட்டு’ என்பதைப் பயிலுவோர் அரியர். அவ்வுட்பாடு நான்கு அங்கங்களை உடையது. இவ்வளவுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்பது அடியெல்லை. பத்து சதவீதம் என்று கையை விரித்துவிட்டு, ‘நூறு ரூபாய் வரை’ என்று மூடிக்கொள்வது மேலெல்லை. இன்ன நாளுக்குள் என்பது கெடு. நீங்கள் எதை வாங்க வந்தீர்களோ அதற்கு மட்டும் பொருந்தாது என்பது விலக்கு.

இந்நான்கும் தொடக்கத்தில் இருந்தவை அல்ல. 1880களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் கோக்கோ கோலாக் கம்பெனியார் விநியோகித்த சீட்டு, கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஒரு கோப்பை பானம் இலவசம் என்றது, அவ்வளவுதான். நம் நாட்டில் அந்தப் பூர்வீகத் தூய்மைக்கு மிக அண்மையில் நிற்பது, பொங்கலுக்கு முன் ரேஷன் கடையார் வீடுவீடாகக் கொடுக்கும் டோக்கனே. அதில் நாளும் நேரமும் குறித்திருக்கும்; வேறு எதையும் வாங்கு என்று அது வற்புறுத்துவதில்லை; வரிசையில் நிற்கும் பொறுமை ஒன்றே அது கேட்கும் அடியெல்லை.

கெடுவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. புன்னக்காயலாருக்குக் கெடு புதிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது கிழக்குக் கரையின் சட்டம். மீன் இனம் பெருக வேண்டும் என்பது அதன் காரணம். காரணமுள்ள கெடு அது. கைப்பேசித் திரையில் சிவப்பு எழுத்தில் ‘இன்னும் 09 நிமிடம் 42 விநாடி’ என்று ஓடி, முடிந்தவுடன் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் கெடுவுக்கு அப்படியொரு காரணத்தை எவ்வளவு முயன்றும் நம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் கண்டுபிடிக்கவில்லை போலும். 2023 நவம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதலில், இணைய வாணிபத்தின் 13 வகை ஏமாற்று உத்திகளுள் இத்தகைய போலி அவசரத்தையும் ஒன்றாக வைத்தது. கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், கடைசிப் படியில் புதுக் கட்டணத்தைக் காட்டுவதும் அப்பட்டியலில் உள்ளன.

பெயரிட்ட பணம்

இனி மூன்றாவது காரணம். பதினாறாம் நூற்றாண்டில் இம்முத்துக்குளித்துறையிலிருந்து போர்ச்சுகல் நாட்டு அரசியாருக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த பணத்துக்குக் காலணிப் பணம் என்று பெயர். 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார், உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி இருந்த நிலையில், அதில் 4,000 பணத்தை அவர்களுக்கே விட்டுக்கொடுக்குமாறு அரசியாரை வேண்டிப் பெற்றார். காலணி என்று பெயர் பெற்ற பணம், அப்பெயர் நீங்கியவுடன் எவ்விதத் தடையுமின்றிச் சம்பளமாகிவிட்டது.

இதனை மேலெழுந்தவாரியாகப் படிப்போர் இதில் பக்தியை மட்டும் காண்பர்; ஆராய்ச்சியாளன் காண்பது ஒரு தத்துவம். பணத்துக்குப் பெயர் சூட்டிவிட்டால், அது அப்பெயருக்குரிய இடத்துக்கே ஓட விரும்பும். பெயரை நீக்கினால்தான் அது வெறும் பணமாய்த் தேவையைப் பார்க்கும். இதே தத்துவத்தை மனக்கணக்கு என்னும் கொள்கையாக 1980களில் விரித்துரைத்த ரிச்சர்டு தேலர் என்னும் அமெரிக்கப் பேராசிரியருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. கூப்பன் என்பதும் அத்தகைய பெயரிட்ட பணமே. சட்டைப்பையில் உள்ள இருநூறு ரூபாயை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சம்மதிக்கும் மனிதன், ‘உங்களுக்கே உரிய இருநூறு ரூபாய்த் தள்ளுபடி’ என்று பெயரிடப்பட்ட, இன்னும் கைக்கு வராத இருநூறை விட்டுவிட்டு உறங்கச் சம்மதிப்பதில்லை.

எடுத்துக்காட்டும் மூன்று மதங்களும்

ஒரு குடும்பத்தில் குக்கர் பழுதாகிவிட்டது. இணையக் கடையில் புதுக் குக்கரின் விலை 1,150 ரூபாய், அனுப்புகூலி 40, ஆக 1,190. அப்போது, 1,499 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்கு 200 ரூபாய் தள்ளுபடி, அனுப்புகூலியும் இல்லை என்று ஒரு கூப்பன் தோன்றுகிறது. உடனே 360 ரூபாய்க்கு ஒரு ஹாட்பாக்ஸ் கூடையில் ஏறுகிறது. கூட்டினால் 1,510, கழித்தால் 1,310. மூலத் தேவையைவிட 120 ரூபாய் அதிகம்.

இவ்விடத்தில் அறிஞர் உலகம் பிளவுபடுகிறது. முதல் மதத்தார், 360 ரூபாய் ஹாட்பாக்ஸ் 120 ரூபாய்க்குக் கிடைத்தது, ஆகவே லாபம் 240 என்பர். இரண்டாம் மதத்தார், வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஹாட்பாக்ஸ் பரணில் இருப்பதால் நஷ்டம் 120 என்பர். மூன்றாம் மதத்தார் தர்க்கத்தில் தேர்ந்தவர். ஹாட்பாக்ஸைத் திருப்பி அனுப்பிவிடு என்பர். தள்ளுபடியை இரு பொருளுக்கும் விலை விகிதப்படி பங்கிடுவது பல கடைகளின் வழக்கமாதலால், திரும்பி வருவது 360 அன்று, ஏறத்தாழ 312. அவ்வாறாயின் குக்கர் 998 ரூபாய்க்கு முடிந்துவிடும். இம்மதம் சிலகாலம் உலகை ஆண்டிருக்கும். ஆனால் ‘திருப்பியனுப்பியபின் மிஞ்சும் தொகை அடியெல்லைக்குக் கீழே போனால் கூப்பன் ரத்து’ என்னும் எதிர்ச் சூத்திரத்தைப் பல கடைகள் பொடி எழுத்தில் இயற்றி வைத்திருக்கின்றன.

இதற்கிடையே வங்கி அட்டையின் சலுகை ஒன்று உண்டு: 1,500 ரூபாய்க்கு மேல் செலுத்தினால் பத்து சதவீதம். கூப்பனைப் போட்டவுடன் தொகை 1,310 ஆகிவிடுகிறபடியால் அட்டைச் சலுகை மறைகிறது. கூப்பனை எடுத்தால் அட்டைச் சலுகை தோன்றுகிறது. ஒரு சலுகை உதிக்கும்போது மற்றொன்று அஸ்தமிக்கும் இந்த அண்டவியலுக்குக் காரணம், வங்கி பார்ப்பது கூப்பன் கழிந்தபின் நிற்கும் தொகையையே என்பதுதான்.

கொடுப்பு முறையின் மூன்று காலங்கள்

பொருளுக்குப் பணம் கொடுக்கும் முறைகளைச் சிலர் ஐந்து என்பர், சிலர் ஏழு என்பர். வினைச்சொல்லைப் போலவே இவையும் மூன்று காலத்தில் அடங்கும் என்பது நம் துணிபு.

இறந்தகாலக் கொடுப்பாவது, பொருளைத் தெரிவு செய்வதற்கு முன்பே பணம் போய்விடுவது; பரிசு அட்டையும் வாலெட்டும் இதன்பாற்படும். நிகழ்காலக் கொடுப்பு, கையோடு கைமாறுவது. ரொக்கம் இதன் தொன்மை வடிவம். 2016இல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் தொடங்கிய யூ.பி.ஐ. இதன் புது வடிவம். மீன் கூடைக்கு அருகில் சாய்த்து வைத்த க்யூ.ஆர். அட்டையும், வந்த தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கும் பெட்டியும் இன்று சந்தைக்குச் சந்தை காணப்படுகின்றன.

எதிர்காலக் கொடுப்பே ஆராய்ச்சிக்கு வளமானது. பொருள் வந்தபின் கொடுக்கும் கேஷ் ஆன் டெலிவரி, கடன் அட்டை, தவணையாகிய இ.எம்.ஐ. என இது விரியும். வட்டியில்லாத் தவணை என்னும் அதிசயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை 2013இல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு நினைவூட்டிற்று. இன்று ‘நோ காஸ்ட்’ என வழங்குவதில் வங்கி வட்டி வாங்கத்தான் செய்கிறது. அவ்வட்டியளவுக்குக் கடைக்காரர் முன்னதாகவே விலையில் தள்ளுபடி தந்துவிடுகிறார். வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், சில இடங்களில் பரிசீலனைக் கட்டணமும் வாங்குவோன் தலையில் நிற்கும்.

எதிர்காலக் கொடுப்பின் மூத்த வடிவம் மளிகைக் கடையின் பற்று நோட்டு. தாமிரபரணிக் கரையின் ஏதேனும் ஒரு கடைவாசலில் அந்தி நேரத்தில் நின்றால் இவ்வுரையாடலைக் கேட்கலாம்.

“அண்ணாச்சி, கையில இப்ப இல்ல. நோட்டுல எழுதிக்கிடுங்க.”

“நூத்தி எண்பத்தேழு. எண்பத்தஞ்சுன்னே எழுதுதேன், தாயி. சனிக்கெழம தந்தாப் போதும்.”

இரண்டு ரூபாய் தள்ளுபடி; பையின் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு; ஒருவாரத் தவணைக்கு வட்டியில்லை. அடியெல்லை, மேலெல்லை, விலக்கு ஒன்றும் இல்லை. 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென்று 2016 நவம்பர் 8 இரவில் அறிவித்தபோதும், எந்த அரசாலும் செல்லாததாக்க முடியாத நாணயமாக இந்த நோட்டே நின்றது. எனினும் நடுநிலை தவறலாகாது: இந்தத் தள்ளுபடியும் இலவசமன்று. அடுத்த தெருவில் துவரம்பருப்பு நான்கு ரூபாய் மலிவு என்று தெரிந்தும் அங்கே போக முடியாதபடி கட்டிவைக்கும் தாட்சண்யமே இதன் பொடி எழுத்து.

தடையும் விடையும்

‘அப்படியானால் கூப்பனால் பிரயோஜனமே இல்லையோ?’ எனின், உண்டு. வாங்கத் தீர்மானித்த பொருளுக்கு, தீர்மானித்தபின் வந்து சேரும் கூப்பன் நன்று. பொருளைத் தீர்மானிக்கும் கூப்பன் தீது.

‘அறுபது சதவீதம் குறைப்பு என்று அடித்துக் காட்டுகிறார்களே?’ எனின், எதிலிருந்து குறைப்பு என்று கேட்க வேண்டும். பொட்டலத்தின் மேலுள்ள எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் உட்பட விற்கலாகும் அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்பது குற்றம், கீழே விற்பது வழக்கம். உச்சவரம்பிலிருந்து இறங்கி வந்ததை உபகாரமாகக் கருத வேண்டியதில்லை. அதே பொருள் அன்றைக்கே வேறிடத்தில் என்ன விலை என்பதே தகுந்த பிரமாணம்.

‘நமக்குப் பரிசுக் கூப்பன் விழுந்திருப்பதாகச் செய்தி வந்திருக்கிறதே?’ எனின், அது கூப்பன் அன்று, தூண்டில். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் வேண்டுவதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். அவ்வெண்ணைக் கேட்கும் பரிசு எதுவாயினும் அது நம்மிடமிருந்து போகும் பரிசு. ஏமாந்தவர் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குள் அதை நிறுத்திவைக்க அதுவே வழி.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது ஒன்றே. கூப்பன் விலையைக் குறைப்பதைவிடப் பார்வையைத் திருப்புவதில் வல்லது. கொடுக்கும் தொகையிலிருந்து மிச்சமாகும் தொகைக்குக் கண்ணைக் கொண்டுபோய்விடுகிறது. ஆதலால் கணக்கின் நடுவில் பச்சை எழுத்தில் மின்னும் ‘நீங்கள் சேமித்தது’ என்னும் வரியை மதிப்பிற்குரிய வாசகர்கள் தாண்டிப் போக வேண்டும். ‘செலுத்த வேண்டியது’ என்னும் கடைசி வரியை, தேவையான பொருள் மட்டும் கூடையில் இருக்கும்போது ஒரு முறையும், கூப்பன் போட்டபின் ஒரு முறையும் படியுங்கள். இரண்டாவது தொகை பெரிதாக இருந்தால், அந்தக் கூப்பனைக் கடைக்காரருக்கே விட்டுவிடுங்கள்.