நொறுங்காத நொறுக்குத்தீனி: பிள்ளைச் சோற்றைப் பெரியவர் உண்ணும் வழக்கம் பற்றிய ஓர் ஆய்வு

பால் பல் விழுந்து, நிரந்தரப் பல் முளைத்து, அதிலும் இரண்டை வேர்ச் சிகிச்சைக்குக் கொடுத்துவிட்ட ஒருவர், ஆறு மாதக் குழந்தைக்கென்று அடைத்து விற்கப்படும் கேரட் மசியலை வாங்கிச் சாப்பிடுவது ஏன்? அறிவுலகம் இந்தக் கேள்வியை உரிய மரியாதையோடு அணுகியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம் பெரும்பாலும் அமெரிக்கா. பண்டம் ஆலைக்குள் புகுந்ததும் அங்கே, அதைப் பெரியவர்கள் அலுவலக மேசை இழுப்பறையில் ஒளித்து வைக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். ‘பெரியவர்’ என்பவர் பல் உள்ளவர், கடையில் தம் காசைத் தாமே கொடுப்பவர். குழந்தை துப்பியதை வீணாக்க மனமின்றிக் கரண்டியை வழித்து நக்கும் தாய்மார் இந்த வரையறைக்குள் வரமாட்டார்கள்; அது தனி இயலுக்குரிய பொருள். பக்கவாதத்தாலோ வேறு நோயாலோ விழுங்க இயலாதவர்களும் விலக்கு. மருத்துவ உலகம் அவர்களுக்கென உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்டு, மசியலுக்கு 4 என்று இடம் ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் உண்பது தேவையால். நமக்கு வேண்டியவர் தேவையே இல்லாமல் உண்பவர்.

வரலாறு சுருக்கமானது. 1921இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ஹெரால்ட் கிளாப் என்பவர் குழந்தைக்கான காய்கறிச் சூப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927இல் மிச்சிகன் மாநிலத்து ஃப்ரீமான்ட்டில் டாரதி கெர்பர் தம் மகளுக்காகப் பட்டாணியை வேகவைத்து, மசித்து, வடிகட்டி அலுத்துப்போனார். கணவர் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு டப்பா உணவு ஆலையே இருக்க, நாம் ஏன் சல்லடையோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். கேள்வி நியாயமானது. அடுத்த ஆண்டே பட்டாணி, கேரட், பசலை, உலர்ந்த பிளம், மாட்டிறைச்சிக் காய்கறிச் சூப் ஆகிய ஐந்தும் சந்தைக்கு வந்தன. டாரதி ஹோப் ஸ்மித் கரித்துண்டால் வரைந்த ஒரு குழந்தை முகமும் கூடவே வந்தது. அந்த முகம்தான் இன்றுவரை புட்டியிலிருந்து பெரியவரை நிமிர்ந்து பார்க்கிறது.

இங்கே ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. குழந்தை உணவை வாங்குபவர் வேறு, உண்பவர் வேறு. ஊட்டுமுன் ஒரு வாய் ருசி பார்ப்பவர் தாய். உப்பில்லாத பட்டாணி அவர் நாக்குக்குப் பிடிக்காது; பிடிக்காவிட்டால் மறுமுறை வாங்கமாட்டார். எனவே ஆலைகள் உப்பும் சர்க்கரையும், பின்னாளில் அஜினோமோட்டோவும் சேர்த்தன. குழந்தையின் பெயரில் பல பத்தாண்டுகள் பெரியவரின் நாக்குக்கே சமையல் நடந்தது. 1969இல் ஜான் ஓல்னி என்ற விஞ்ஞானி, குட்டிச் சுண்டெலிகளின் மூளையை அஜினோமோட்டோ பாதிப்பதாக எழுதியதும் நிறுவனங்கள் அதைக் கைவிட்டன. உப்பு 1970களின் பிற்பகுதியில் விடைபெற்றது. ஆக, பெரியவர் பிள்ளையுணவை ருசித்தது இந்த நூற்றாண்டின் புதுமோகம் என்பார் கூற்று பொருந்தாது. அந்தப் பண்டத்தின் முதல் வாடிக்கையாளரே அவர்தான்.

இதை நம்பித்தானோ என்னவோ, கெர்பர் நிறுவனம் 1974இல் ஒரு காரியம் செய்தது. தனியாக வாழும் பெரியவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ‘சிங்கிள்ஸ்’ என்ற பெயரில், ஏறக்குறைய அதே மாதிரிக் கண்ணாடிப் புட்டியில், ஒரு வேளைச் சாப்பாட்டை அடைத்து விற்றது. ஒயின் குழம்பில் வெந்த மாட்டிறைச்சி, மத்தியதரைக் காய்கறி என்று பெயர்களெல்லாம் பெரிய மனிதத்தனமாகத்தான் இருந்தன. அலமாரியில் வைத்த சுருக்கிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வணிகவியல் ஆசிரியர்கள் தோல்விக்கு உதாரணம் வேண்டும்போதெல்லாம் இதைத்தான் எடுப்பார்கள். வேலை முடிந்து களைத்து வந்து, தனியாக உட்கார்ந்து, புட்டிக்குள் கரண்டி விட்டுச் சாப்பிடுபவரிடம் போய் ‘சிங்கிள்ஸ்’ என்று உரக்கக் கூப்பிடுவது என்ன விற்பனைத் தந்திரமோ! குழந்தையின் புட்டியைத் திருடித் தின்றால் அது குறும்பு. அதையே தன் பெயர் எழுதி நீட்டினால் அது அனுதாபம். அனுதாபத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2010இல், இதே பண்டம் உடல் இளைக்கும் வைத்தியமாக மறுபிறவி எடுத்தது. ஹாலிவுட் நட்சத்திரங்களின் உடற்பயிற்சியாளர் ட்ரேசி ஆண்டர்சன் பெயரில் பேசப்பட்ட முறை இது: பகலெல்லாம் பதினான்கு புட்டி வரை மசியல், இரவில் மட்டும் முறையான சாப்பாடு. நடிகை ஜெனிஃபர் அனிஸ்டன் இதைப் பின்பற்றுவதாகச் செய்தி கிளம்ப, திட உணவுக்கு மாறி நாற்பது ஆண்டு ஆகிறது என்ற தொனியில் அவர் மறுத்தார். மறுப்பு நன்றாக இருந்தது. ஆனால் பெரியவர்கள் கடைக்குப் போவது நிற்கவில்லை.

கலோரிக் கணக்கைப் பார்த்தால் ஆசை நியாயமே என்று தோன்றும். 100 கிராம் கேரட் மசியலில் ஏறத்தாழ 25 முதல் 30 கலோரி. வாழைப்பழ மசியல் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. எப்படியும் ஒரு பாக்கெட் சிப்ஸின் பக்கத்தில் வராது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, நறுக்க வேண்டாம், தோல் சீவ வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புட்டி சின்னது. எங்கே நிறுத்துவது என்ற முடிவை உண்பவர் எடுக்க வேண்டியதில்லை. அதை ஆலையே எடுத்துவிடுகிறது. முறுக்கு டப்பா யாருக்கும் இப்படி ஓர் உதவி செய்ததில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1977இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்தை மூன்று வடிவில் கொடுத்தார்கள்: முழு ஆப்பிள், ஆப்பிள் மசியல், சாறு. சாறு, முழுப் பழத்தைவிட 11 மடங்கும் மசியலைவிட 4 மடங்கும் வேகமாக உள்ளே போயிற்று. மசியல் சாறைவிட நிறைவு தந்தது, பழம் மசியலையும் மிஞ்சியது. 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 58 பேரைக் கொண்டு இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆப்பிள் துண்டுகளைத் தின்றவர்கள், எதுவும் தின்னாமல் அமர்ந்தவர்களைவிட மொத்தத்தில் 15 சதவீதம் குறைவான கலோரியோடு எழுந்தார்கள். அதே கலோரியுள்ள மசியலைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று சொன்ன பாட்டிமார் அடிக்குறிப்பு போடவில்லையே தவிர, கட்சி இதுதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹொரேஸ் ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கர், வாயிலிட்ட கவளம் திரவமாகும்வரை மெல்லச் சொல்லி ஊர் ஊராகப் பேசி, பெரும் செல்வாக்கும் பெற்றார். அவர் வாயில் செய்யச் சொன்னதை இன்று ஆலை இயந்திரம் செய்து தருகிறது. வேலை நடந்துவிடுகிறது, ஆனால் மென்றவர் வேறு ஒருவர். வயிறு ஏமாறவில்லை.

அப்படியிருந்தும் வழக்கம் பரவியதே, எப்படி? இக்கட்டுரையின் கோட்பாடு இதுதான்: வெட்கம் மசியலில் இல்லை, புட்டியில் இருக்கிறது. சான்று வேண்டுவோர் மேலே பார்க்கட்டும். 1962 பிப்ரவரி 20 அன்று பூமியைச் சுற்றிய ஜான் கிளென், விண்வெளியில் அலுமினியக் குழாயிலிருந்து ஆப்பிள் மசியலைப் பிதுக்கி உண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பது. நியூயார்க் நகரமே காகிதத் துணுக்குகளைக் கொட்டி வரவேற்றது. ‘பிள்ளைச் சோறு தின்றவர்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுபதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் யூ-2 உளவு விமான ஓட்டிகள், தலைக்கவசத்தைக் கழற்ற முடியாததால், அதிலுள்ள துளை வழியே இன்றும் குழாய் உணவைத்தான் உறிஞ்சுகிறார்கள். கரண்டியைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் போதும், குழந்தை வீரனாகிவிடுகிறான்.

வணிகர்கள் இதைப் புரிந்துகொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது. பிரான்சின் மாத்தெர்ன் நிறுவனம் 1998இல் பழ மசியலைத் திருகு மூடி போட்ட மென்பையில் அடைத்தது. இங்கிலாந்தில் 2006இல் தொடங்கிய எல்லாஸ் கிச்சன் அதே பையைக் குழந்தை உணவுக்குக் கொண்டுவந்தது. பையில் கரண்டி இல்லை, கண்ணாடி இல்லை, உள்ளே என்ன நிறம் என்பதும் தெரியாது. சைக்கிள்காரர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். ரயிலில் அதை உறிஞ்சுபவரை இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜப்பானியர் வழி வேறு. மயோனைஸுக்குப் பெயர்பெற்ற கியூப்பி நிறுவனம் அங்கே குழந்தை உணவும் விற்றிருக்கிறது, முதியோருக்கான மென்மையான உணவும் விற்கிறது. அந்நாட்டு உணவு நிறுவனங்கள் கூடி, எளிதில் மெல்லலாம், ஈறால் நசுக்கலாம், நாக்கால் நசுக்கலாம், மெல்லவே வேண்டாம் என நான்கு படிகள் வகுத்து உறையில் அச்சிடுகின்றன. வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை, வாயின் வலிமை மட்டுமே பேசப்படுகிறது. இதைவிட நாகரிகமாக ஒரு தாத்தாவுக்குக் கூழை விற்க முடியாது.

இந்தியாவில் புட்டி மசியலைவிடப் பொடிக்கே மவுசு. செரலாக் டப்பாவைத் திறந்து, வெந்நீர் விடாமலேயே இரண்டு கரண்டி வாயில் போட்டுக்கொள்ளும் அப்பாக்களும் சித்திகளும் தமிழ் வீடுகளில் அபூர்வமல்ல. 1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்யவும், உறையில் குழந்தைப் படம் போடவும் தடை விதிக்கிறது. நோக்கம் தாய்ப்பாலைக் காப்பது. பக்க விளைவாக, திருட்டுத்தனமாகத் தின்னும் பெரியவரை முறைத்துப் பார்க்க இங்கே டப்பாவில் ஒரு முகமும் இல்லை. ஆனால் அவர் அதை இளைக்கும் உணவென்று எண்ணினால் ஏமாந்துபோவார். இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக மூன்று கிராமை நெருங்கும் சேர்த்த சர்க்கரை இருப்பதாக 2024இல் ‘பப்ளிக் ஐ’ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்டது. கெர்பரும் 2007 முதல், செரலாக்கைத் தயாரிக்கும் அதே நெஸ்லேயின் குடும்பம்தான்.

பெரியவருக்குச் சாதகமாக ஒரே ஒரு வாதம் பாக்கி. குழந்தை உணவில் ஈயம், ஆர்சனிக் முதலியவை இருப்பதாக 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு அறிக்கை கொடுத்தது. அதன்பின் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பதப்படுத்திய பழ, காய்கறி உணவில் ஈயம் நூறு கோடியில் 10 பங்கைத் தாண்டலாகாது என்றும், வேர்க் காய்கறி மட்டும் அடங்கியதில் 20 வரை போகலாம் என்றும் வரம்பு அறிவித்தது. பெரியவரின் சிப்ஸுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. பிள்ளைச் சோற்றைத் தின்பவர் பிள்ளைக்குரிய காவலையும் இலவசமாகப் பெறுகிறார்.

எனவே தீர்ப்பு: தின்னலாம், குற்றமில்லை, இளைப்பதற்கென்று தின்பது வீண். வாங்குவோர் பையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் உள்ள கீரையின் பெயரை நம்பாமல், பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படிக்கவும். முதலிடத்தில் பெரும்பாலும் ஆப்பிளோ பேரிக்காயோதான் இருக்கும்.