கேள்விக் கூடை: பிரேசில் ரொக்கும் பெரட்டுத் தப்பும்

பேரன் கைபேசியில் ஏதோ பிரேசில் பாட்டுப் போடுகிறான். கொஞ்ச நேரம் மெல்லப் போகிறது. திடீரென்று ஃபெக்டரி ரோலர் ஓடுகிறது. பிறகு ஊர்த் திருவிழா. இது ஒரு பாட்டா, மூன்று பாட்டா?
(பொகவந்தலாவை)

ஒன்றுதான் தாத்தா. நீங்கள் எழுதியனுப்பிய பெயரைப் பார்த்தேன். குழுவின் பெயர் பப்பாங்கு. பிரேசிலின் வடகிழக்கில் பரையீபா மாநிலத் தலைநகரான ஜுவாவ் பெஸ்ஸோவாக்காரர்கள். 2021இல் ‘ஹொலொசேனோ’, 2024இல் ‘லாம்பியாவ் ரெய்’ என்று அல்பங்கள் போட்டவர்கள். மெட்டல், ஜாஸ், ஊர்ப்பாட்டு மூன்றும் இருக்கும். ப்ரொக்ரெசிவ் ரொக் என்கிற இந்த வகையில் பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று தேடினால் களைத்துப்போவீர்கள். காமன் கூத்தில் ரதி போய் வீரபத்திரன் வந்தால் அடி மாறுகிறதல்லவா? அதே கணக்கில் கேளுங்கள். பேரனைத் திட்ட வேண்டாம், சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

மெட்டலும் ஜாஸும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன வரும்?
(ஹட்டன்)

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஆள் வரும்.

‘லாம்பியாவ்’ என்பது யார்? அரசனா, சாமியா?
(நோர்வூட்)

கொள்ளைக்காரன். இயற்பெயர் விர்குலீனோ ஃபெரெய்ரா த சில்வா. பிரேசில் வடகிழக்கின் வறண்ட உள்நாடான செர்தாவில், 1920களிலும் 30களிலும் குதிரை, துப்பாக்கி, முன்பக்கம் மடித்த தோல் தொப்பி சகிதம் ஆட்டம் போட்டவன். பணக்காரனை மிரட்டினான், ஏழையையும் விட்டுவைத்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சனங்கள் அவனை ராசா ஆக்கிவிட்டார்கள். 1938 ஜூலை 28ஆம் திகதி செர்ஜிப்பே மாநிலத்து அஞ்சிக்கோவில் பொலிஸ் சுட்டுக் கொன்றது. கூடவே அவன் துணைவி மரியா பொனீத்தாவும் போனாள். தலைகளை அறுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள், பிறகு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அவை மண்ணுக்குள் போனது 1969இல்தான்.

நமக்கு இது புதுக் கதையா? உதுவன்கந்தை சரதியேலை 1864இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கும் கொழும்பு வீதியில் போகிற பஸ்காரர் அந்தக் குன்றைக் கைகாட்டிவிட்டுத்தான் போகிறார். தென்தமிழ்நாட்டில் கொள்ளைக்காரன் செம்புலிங்கத்துக்குப் பாட்டு இருக்கிறது. அந்தக் காலத்துக் குஜிலிப் புத்தகம் போல, பிரேசில் சந்தையில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் மலிவுப் பாட்டுப் புத்தகம் உண்டு. பெயர் கொர்தெல், அட்டையில் மரக்கட்டை அச்சுப் படம். லாம்பியாவ் செத்த பிறகும் உயிரோடு இருந்தது அந்தப் புத்தகங்களில்தான். பப்பாங்கு பையன்கள் அவனை அங்கிருந்து எழுப்பி மின்கிட்டார் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

உதைபந்தாட்டத்தை விட்டால் பிரேசிலுக்கும் நமக்கும் என்ன ஐயா சம்பந்தம்? பக்கத்தை நிரப்பத்தானே இந்தப் பாட்டுக்கதை?
(டிக்கோயா)

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் நிற்கிற மலை முதலில் கோப்பி மலை. 1869இல் இலையில் மஞ்சள் துரு விழுந்தது, பத்துப் பதினைந்து வருசத்தில் இலங்கைக் கோப்பி படுத்தே போனது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். உலகம் கோப்பிக்குப் பிரேசிலைப் பார்த்தது. அந்தத் துரு பிரேசிலில் கால்வைக்க 1970 ஆயிற்று. அவர்கள் கோப்பியில் பணக்காரர் ஆனதில் நம் மலையின் நோய்க்கும் ஒரு பங்கு உண்டு.

அது சின்னச் சம்பந்தம். பெரியது இனித்தான். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தில் தாது வருசப் பஞ்சம். சேலத்திலும் திருச்சியிலும் மதுரையிலும் மழை பொய்த்துக் கஞ்சித்தொட்டி வரிசை நீண்ட காலம். நம் முப்பாட்டன் முப்பாட்டிகளில் எத்தனையோ பேர் கங்காணி பின்னால் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழி நடந்து மலையேறியது அப்போதுதான். அதே காலத்தில், 1877 முதல் 79 வரை, செர்தாவிலும் வானம் பொய்த்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெருவறட்சி. இரண்டுக்கும் காரணம் ஒன்று: பசிபிக் கடல் சூடேறிய எல் நினோ. செர்தாவ் சனம் பிழைக்க வழியின்றி அமேசன் காட்டுக்கு றப்பர் வெட்டப் போனது. அதே 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசனிலிருந்து றப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். லண்டன் கியூ தோட்டத்தில் அவை முளைத்தன, கன்றுகள் நம் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன.

பொகவந்தலாவையையும் ஜுவாவ் பெஸ்ஸோவாவையும் ஒரே பக்கத்தில் வைப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்கள் ஊர்ப்பாட்டில் கேட்கிற மழையும் மாடும் வழிநடையும் நம் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் இருக்கிற அதே சரக்கு. அதனால்தான் ‘லாம்பியாவ் ரெய்’ அல்பத்துக்குப் பக்கம் ஒதுக்கினேன். பக்கம் நிரப்ப வேண்டுமென்றால் ராசிபலன் போதும்.

தாளம் பிடிபடவே இல்லை. கால் ஒருபக்கம் போகிறது, பாட்டு ஒருபக்கம் போகிறது.
(மஸ்கெலியா, மாணவர்)

தம்பி, எட்டு எண்ணுங்கள். ஆனால் நாலும் நாலுமாக எண்ணாமல் மூன்று, மூன்று, இரண்டு. ‘தகிட தகிட தக’. அதுதான் பையாவ், பிரேசில் வடகிழக்கின் உயிர்த்தாளம். ஸபும்பா என்றொரு அகன்ற மேளம். தோளில் மாட்டி, மேல்தோலைத் தடித்த கோலால் ‘தொம்’ என்றும், கீழ்த்தோலை மெல்லிய குச்சியால் ‘டிக்’ என்றும் அடிப்பார்கள். கூட ஒரு அக்கார்டியன், ஒரு முக்கோணக் கம்பி. மூன்றே ஆள். லூயிஸ் கொன்சாகா (1912–1989) இந்த மூன்றையும் வைத்து, தலையில் லாம்பியாவ் தொப்பியும் போட்டுக்கொண்டு ரேடியோவைப் பிடித்தார். அவருடைய ‘அசா பிராங்கா’ 1947இல் வந்தது. வறட்சியில் ஊரைவிட்டுப் போகிறவனின் பாட்டு அது.

ரொக்காரர்கள் இதன்மேல் ஏழு, ஐந்து என்று ஏற்றுவார்கள். ஏழு என்றால் ‘தகிட தகதிமி’. மிச்ரம், கண்டம் என்று பெயர் சொல்லித் தவில்காரர் கோயிலில் வாசிக்கும்போது நீங்கள் தலையாட்டவில்லையா? வெள்ளைக்காரப் பிள்ளைதான் ஏழுக்குக் கஷ்டப்பட வேண்டும்.

இதெல்லாம் கலப்படம்தானே? அங்கே ஒரு வீணை, இங்கே ஒரு டிரம்ஸ், ‘ஃபியூஷன்’ என்று பெயர்.
(தலவாக்கலை, ஆசிரியை)

முக்கால்வாசி உண்மை, ரீச்சர். கால்வாசிக்காகத்தான் வாதாட வருகிறேன்.

என்னிடம் ஒரு சோதனை உண்டு. பாட்டிலிருந்து ஊர்ப்பகுதியை உருவி எடுங்கள். பாட்டு அப்படியே நின்றால் அது மாலை போட்ட பொம்மை. சரிந்து விழுந்தால் அதுதான் முதுகெலும்பு. செபுல்துரா என்ற பிரேசில் மெட்டல் குழு 1996இல் ‘ரூட்ஸ்’ அல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடியினரிடம் போய் அவர்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. கார்லின்யோஸ் பிரவுண் தாளம் போட்டார். என் காதுக்கு அதில் பாதி சோதனையில் தேறுகிறது, பாதி தேறவில்லை. அதே வருசம் அங்ரா குழுவின் ‘ஹோலி லாண்ட்’ வந்தது. அழகான வேலை, ஆனால் ஊர்த்தாளம் அங்கே விருந்தாளி, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறது. பப்பாங்குவில் அது வீட்டுக்காரன்.

நம் பக்கத்தில் 1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ போட்டார். தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாக்கையும் ஒரே அறையில் உட்கார வைத்து, வி.எஸ். நரசிம்மன் கையில் வயலினைக் கொடுத்தார். எதை உருவினாலும் விழும். பெங்களூரின் அகம் குழுவும், ‘மீசோ’ (2021) தந்த ப்ராஜெக்ட் மிஸ்ரமும் கர்நாடக சங்கீதத்தை ரொக்கோடும் மெட்டலோடும் கட்டுகிறார்கள். திறமையில் குறையே இல்லை. என் குறை வேறு: அவர்கள் சபாவிலிருந்து எடுக்கிறார்கள், சந்தையிலிருந்து எடுப்பவர்கள் குறைவு.

மின்கிட்டார் வந்தால் நம் மரபு கெட்டுப்போகாதா?
(கொட்டகலை)

இதே கேள்வியை 1967 ஜூலையில் பிரேசிலில் ஊர்வலமாகவே கேட்டார்கள். சாவ் பாவுலோ தெருவில் பாடகி எலீஸ் ரெஜினா முன்னே போக, ‘மின்கிட்டார் ஒழிக’ என்று நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒருவர் பாடகர் ஜில்பெர்த்தோ ஜில். மூன்றே மாதத்தில், அக்டோபரில், அதே ஜில் பாட்டுப்போட்டி மேடையில் ஊஸ் முத்தாந்தேஸ் ரொக் குழுப் பிள்ளைகளின் மின்கிட்டாரோடும் வடகிழக்கின் பெரிம்பாவ் வில்லோடும் பாடி இரண்டாம் பரிசு வாங்கினார். 1968 கடைசியில் இராணுவ அரசு அவரையும் கூட்டாளிப் பாடகர் கயெத்தானோ வெலோசோவையும் பிடித்துக்கொண்டுபோய், பிறகு நாட்டைவிட்டே அனுப்பியது. 2003இல் அதே ஜில் நாட்டின் கலாசார அமைச்சர். கிட்டாரால் மரபு கெடவில்லை. இராணுவத்துக்குத்தான் தூக்கம் கெட்டது.

வாத்தியம் வாங்க வசதி இல்லை. என்ன செய்யலாம்?
(லிந்துலை)

பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்துக்காரர் எர்மெத்தோ பாஸ்குவால், 1936இல் பிறந்து 2025 செப்டெம்பரில் மறைந்தவர். கேத்தலில் தண்ணீர் ஊற்றி அதன் மூக்கை ஊதியே ஜாஸ் வாசித்தார். தண்ணீர் கூடக் குறைய சுரம் மாறும். 1977இல் வந்த அல்பத்தில் உயிருள்ள பன்றிகளையும் சத்தம் போட வைத்தார். பப்பாங்கு போன்ற பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஒரு பெரியப்பா. கேத்தல் இல்லாத லயம் உண்டா? பன்றிக்கு மட்டும் அயல்வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைலாவும் பிரேசில் பாட்டும் சொந்தமா?
(நுவரெலியா)

தூரத்துச் சொந்தம். போர்த்துக்கேயர் 1500இல் பிரேசிலில் இறங்கினார்கள், 1505இல் இங்கே. இரண்டு இடத்துக்கும் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். புத்தளம் சிரம்பியடியில் அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் மஞ்சா என்ற பாட்டைப் பாடுகிறார்கள். நம் திருமண வீட்டில் ‘சுராங்கனி’ போட்டதும் சித்தப்பாவுக்கு இடுப்பு தானாக அசைகிறதே, அதற்குப் பொறுப்பு லிஸ்பன்.

பெண்பிள்ளை தப்பு அடிக்கலாமா?
(பொகவந்தலாவை)

திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பல வருசமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள் மகள். கேள்வி அவர்களிடம் போய்ச் சேரும் முன்பே பதில் வந்துவிட்டது.

நாங்கள் நாலு பேர் தப்பும் கிட்டாரும் வைத்து ஒரு குழு தொடங்கப் பார்க்கிறோம். ‘படிச்ச பிள்ளை தப்பைத் தொடாதே’ என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
(பொகவந்தலாவை, இளைஞர்)

அப்பா சொல்வது தப்பு, அவர் சொல்லும் காரணம் தப்பில்லை. விடியக்காலை இருட்டில் தப்புச் சத்தம் கேட்டால் எழுந்து, அன்றைய வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும் என்பது அந்தக் காலத்துத் தோட்டச் சட்டம். அந்தத் தப்பை யார் அடிக்க வேண்டும் என்பதைத் துரை முடிவு செய்யவில்லை, சாதி முடிவு செய்தது. சாவுக்கு அடி, சாமிக்கு அடி, ஆனால் வாசலில் நில் என்றது ஊர். அந்த அவமானத்தை அப்பா பார்த்திருப்பார், அல்லது அவருடைய அப்பா பட்டிருப்பார். அவரோடு சண்டை பிடிக்காமல் அதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் முதல் பாட்டுக்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பிறகு ஒரு காணொளி போட்டுக் காட்டுங்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து மேடையேற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பத்தொன்பது பேர். பறையும் கானாவும் ரொக்கும் ராப்பும். பறையை ஓரத்தில் நிறுத்தவில்லை, நடுவில் நிறுத்தினார்கள். என் சோதனையில் முழுப் புள்ளி வாங்கிய குழு.

பாட்டு வரிக்குப் பஞ்சம் இல்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத்து மக்களுக்காகப் பாட்டெழுதித் தாமே பாடினார். மடகொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார். வாங்கிப் படியுங்கள், ஆனால் அப்படியே பாட வேண்டாம். கங்காணியைத் திட்டிய பாட்டு இருக்கிறது, நாட்சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிற பாட்டு இனி வர வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிட்டாரின் சத்தத்தைத் தப்புக்கு மேல் ஏற்றாதீர்கள். தப்பை நெருப்பில் காய்ச்ச நேரம் எடுக்கும், மேடைக்காரர் அவசரப்படுத்துவார். காயட்டும், அவர் காத்திருக்கட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த பிரேசில் அல்பம் பிடித்ததா, சும்மா படம் காட்டுகிறீர்களா?
(ஹட்டன், பெயர் வேண்டாம்)

பிடித்தது. முழுப் புள்ளி போடமாட்டேன், முக்கால் புள்ளி. சில இடங்களில் வாத்தியக்காரர்கள் தங்கள் கைத்திறமையில் மயங்கிக் கதையை மறந்துவிடுகிறார்கள். உறுமுகிற குரல் எனக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் தங்கள் ஊர்த்தாளத்துக்குக் கூச்சப்படாத குழு அது, அதற்கே அரைப் புள்ளி போட்டுவிடலாம்.

இனி என் முறை, வாசகர்களே. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமன் கூத்தில் எமனுக்கு ஓர் அடி, திருவிழாவில் சாமி புறப்பட ஓர் அடி. இவற்றை முழுதாகத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவர்களுடைய சம்மதத்தோடு கைபேசியில் பதிந்து வையுங்கள். அடியின் பெயர், எந்த நேரத்துக்கு அடிப்பது, எந்தத் தோட்டம் என்ற மூன்றையும் சேர்த்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். தெளிவாகப் பதிந்ததையெல்லாம் அடித்தவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வெளியிடுவோம்.