தொப்பி கிழிந்தால் போலீஸ்காரரை மாற்றுவதா?

புது தில்லி கிருஷி பவனில் வீற்றிருக்கும் நுகர்வோர் விவகாரத் துறையின் மேலான சமூகத்துக்கு, புதுச்சேரி நுகர்வோர் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கள் நிழலில் வாழும் எங்களுக்கு அண்மையில் ஒரு புது மரியாதை கிடைத்துவருகிறது. லேப்டாப்பின் ஸ்கிரீனில் விரிசல் விழுந்தால், அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தரும் எஸ்டிமேட்டில் ஸ்கிரீன் என்ற தனிப் பொருளே இருப்பதில்லை. கீல், கேமரா, ஒயர், பின்மூடி எல்லாம் சேர்ந்த மேல்பாதி முழுவதும் ஒரே வரியில் நிற்கிறது. தொகையைப் பார்த்தால் பழைய லேப்டாப்பை விற்றாலும் அவ்வளவு தேறாது. வேண்டாம் என்று திருப்பி எடுத்துக்கொண்டால், பார்த்ததற்குக் கூலி உண்டு. அந்தக் கூலிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் உண்டு. நடக்காத ரிப்பேரிலும் நாட்டுக்கு வருமானம் வருகிறதே என்று பூரித்துப்போகிறோம்.

தாங்கள் சும்மா இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று குழு அமைத்தீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இணையதளமும் திறந்தீர்கள். விவசாயக் கருவி, மொபைலும் டேப்லெட்டும், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தீர்கள். அந்த நான்கின் பெயரிலும் லேப்டாப் தலைகாட்டவில்லை. அதுகூடப் போகட்டும். அந்த இணையதளம் செய்வதுபோல் கம்பெனியின் தொலைபேசி எண்ணைத் தேடித் தருவது தகவல் சேவை. உதிரிபாகத்தை விற்றே ஆக வேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தினால்தான் அது உரிமை. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதன் பெயரைச் சூட்டியதுதான் தங்கள் சாமர்த்தியம்.

எங்கள் ஊர்க் கதை தங்களுக்குத் தெரிந்ததே. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் கைமாறினோம். போகிறவர்கள் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியை விட்டுப்போனார்கள். அந்தத் தொப்பி கிழிந்தால் இன்றும் தொப்பியைத்தான் மாற்றுகிறோம், போலீஸ்காரரை மாற்றுவதில்லை. தொப்பி தந்த நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப், ஸ்மார்ட்போன், டிவி உட்பட ஐந்து வகைப் பொருட்களுக்கு, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்தது. கழற்றுவது எளிதா, விளக்கக் கையேடு கிடைக்கிறதா, உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், அதன் விலை புதுப் பொருளின் விலையில் எத்தனை பங்கு என்பதெல்லாம் கணக்கில் வரும். மதிப்பெண்ணைக் கம்பெனியே போட்டுக்கொள்கிறதே என்று கேட்கலாம். நியாயமான குறைதான். ஆனாலும் நம்மூர் கம்பெனி தனக்குத் தானே ஒரு மார்க் போட்டுக்கொள்ளவும் இன்று கடமைப்பட்டிருக்கவில்லை.

பாகத்தைத் தனியாகத் தராத கம்பெனிக்காரர்கள், வீட்டில் கழற்றினால் ஆபத்து என்பார்கள். பழைய லேப்டாப்புகளின் திரைக்குப் பின்னால் குழல்விளக்கும், அதை எரிக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் இன்வெர்ட்டரும் இருந்தன. அன்று பயப்பட்டதில் அர்த்தம் இருந்தது. எல்.இ.டி. வந்தபின் அந்த உயர் மின்னழுத்தம் போய்விட்டது. சாதாரண மாடல்களில் பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிட்டு, சட்டத்தை நெம்பி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு கேபிளை உருவினால் ஸ்கிரீன் பேனல் கையில் வந்துவிடும். முதுகிலுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணும், கேபிள் இணைப்பு 30 பின்னா 40 பின்னா என்பதும் பொருந்தினால் புதியது உட்காரும். ஆபத்து குறையக் குறையத் தடை கூடுவது ஏன்? தொடுதிரையைக் கண்ணாடியோடு ஒட்டியே செய்கிறோம், மெலிதாக வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பது அடுத்த வாதம். 2021-இல் வந்த ஃப்ரேம்வொர்க் லேப்டாப் மெலிதுதான். காந்தத்தால் ஒட்டியிருக்கும் சட்டத்தைப் பிரித்து, அதன் ஸ்கிரீனை வாங்கியவரே ஒரு ஸ்க்ரூடிரைவரால் மாற்றலாம். போலிப் பாகங்கள் பெருகும் என்பது மூன்றாவது. அசலைக் கவுன்டரில் விற்க மறுப்பவர்கள்தான் எங்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். 2014-இல் போட்டி ஆணையம், உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாத 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனாலும், பாகத்தைப் பூட்டிவைப்பது சந்தையைப் பூட்டிவைப்பது என்பதை அரசு அமைப்பே எழுதிவிட்டது. காருக்குப் பொருந்தும் நியாயம் லேப்டாப்புக்கு ஏன் கசக்கிறது?

வசதியுள்ளவர் அடுத்த லேப்டாப் வாங்கிவிடுவார். இலவச லேப்டாப்பை நம்பிப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வாரண்டி முடிந்த மறுநாள் ஸ்கிரீன் போனால், படிப்பே அங்கே நிற்கிறது. நல்ல மதர்போர்டு, நல்ல பேட்டரி, நல்ல கீபோர்டு, எல்லாம் ஒரு கண்ணாடிக்காகக் குப்பைக்குப் போகிறது. இது திருட்டு. மின்கழிவு விதிகளை அமலாக்கும் அரசே மின்கழிவு உற்பத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மன்னிக்க வேண்டும்; சமூகத்தின் முன் குரல் உயர்ந்துவிட்டது. தொப்பி கிழிந்ததற்குப் போலீஸ்காரரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பார்த்தால் சாதுவுக்கும் கோபம் வரும்.

2025 மே மாதம் மொபைல், மின்னணுச் சாதனங்களுக்கு பிரான்ஸில் உள்ளது போன்ற மதிப்பெண் முறை வேண்டும் என்று தங்கள் குழு ஒன்று அறிக்கை கொடுத்ததை அறிந்து மகிழ்ந்தோம். அறிக்கைகளைப் பத்திரமாக வைப்பதில் தங்களுக்கு நிகர் தாங்களே. இதை மட்டும் கொஞ்சம் அஜாக்கிரதையாக வெளியே விட்டுவிடுங்கள். மதிப்பெண்ணைக் கட்டாயமாக்குங்கள். அதில் லேப்டாப்பின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். பேனலைத் தனியாக, யார் கேட்டாலும், அச்சிட்ட விலைக்கு விற்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மற்ற இரண்டும் விளம்பரத்துக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
டிவியில் ஒயரை மாட்டி லேப்டாப்பை மேசைக் கணினியாக்கிக்கொண்ட புதுச்சேரி நுகர்வோர்