லடாக் அண்ணன்

மொனராகலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி "லடாக் அண்ணன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த லடாக் அண்ணன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒருவர் இருக்கிறார், ஹார்ட்வெயார் கடையில் ஒருவர் இருக்கிறார். பசறையில் ஒருவர், லுணுகலையில் ஒருவர். பதுளைக்கு ஏறிப் போனால் சங்கமே வைக்கலாம். எல்லாரும் மோட்டார் சைக்கிளில் பாலைவனம் கடக்கப் போகிறவர்கள். கடந்தவர் என்று யாரும் இதுவரை கிடையாது.

நமக்கு ஹார்ட்வெயார் கடை அண்ணன் போதும். நாற்பதைத் தொட்ட வயது. அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். மகன் ஆணியும் சீமெந்தும் பி.வி.சி. குழாயும் விற்கிறார். லீசிங் கட்டி முடித்த பல்சர் 150 ஒன்று உண்டு. அதன் பின்பக்கம், இந்தத் தீவில் ஓடும் முச்சக்கர வண்டிகளில் பாதிக்கு வாய்த்த அதே சே குவேரா ஸ்டிக்கர். 1952-இல் சே தன் நண்பரோடு நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியவர் அல்லவா? அந்த நோர்ட்டன் சிலியிலேயே உயிரை விட்டுவிட்டது, அட்டகாமா பாலைவனத்தை அவர் கண்ட கண்ட லொறியில் தொற்றித்தான் கடந்தார் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணன் அசரவில்லை.

"அதான் தம்பி, பிளான் இல்லாமப் போனா இப்படித்தான் ஆகும்."

1959-இல் இலங்கை வந்த சே, ஹொரணைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மஹோகனிக் கன்று நட்டுவிட்டுப் போனார். ரப்பர் தோட்டம்தான் பார்க்க வேண்டுமென்றால் மொனராகலைக்கு வந்திருக்கலாமே என்ற தாங்கல் அண்ணனுக்கு இன்னும் தீரவில்லை.

பிளான் முழுவதும், லடாக்கும் தார்ப் பாலைவனமுமாக, ஒரு சி.ஆர். கொப்பியில் இருக்கிறது. அட்டையில் ஒரு பலகையின் படம். மணாலியிலிருந்து லே போகும் வீதியில் தாண்டி என்ற ஊரின் பெற்றோல் செட்டருகே நிற்கும் பலகை அது. அடுத்த செட் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும். லடாக்கில் பாலைவனம் எங்கே வந்தது என்று யாராவது கேட்டால் கடையில் வியாபாரம் நின்றுவிடும். "குளிர்ப் பாலைவனம் தம்பி. மணல் இருந்தாத்தான் பாலைவனமா? மழை இல்லாட்டியும் பாலைவனம்தான்." ஆணி வாங்க வந்தவர் இமயமலை மழையை எப்படித் தடுக்கிறது என்பது வரை கேட்டுவிட்டு ஆணி வாங்காமல் போவார்.

அந்த 365 கிலோமீட்டருக்கு லீட்டருக்கு 45 என்று வகுத்து, ஏற்றத்துக்குக் கொஞ்சம், வழி தவறினால் கொஞ்சம் என்று கூட்டி 12 லீட்டர் வேண்டும் எனக் கணக்குப் போட்டிருக்கிறார். அதற்காகவே இரண்டு பச்சைக் கேன்கள் வாங்கி, பைக்கின் இருபுறமும் மாட்ட இரும்புச் சட்டமும் அடித்தாகிவிட்டது. பல்சரின் டேங்க்கே 15 லீட்டர் கொள்ளுமே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கராஜ் பாஸ் சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் வேறு கராஜ் பார்த்துக்கொண்டார்.

அவருடைய பொற்காலம் 2022. கியூ.ஆர். காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர். செட்டிலிருந்து வளைந்து வளைந்து போன வரிசையில் ஊரே சோர்ந்து கிடக்க, அண்ணன் மட்டும் தொப்பி, தண்ணீர்ப் பை, மடக்கு நாற்காலி சகிதம் வந்து இறங்கினார். கொப்பியில் இருந்த பல வருடச் சாமான் பட்டியலில் பாதி ஒரே நாளில் பயன்பட்டது. எஞ்சினைச் சூடேற்றாமல் ஓட்டுவது, இறக்கத்தில் கிளச்சைப் பிடிப்பது என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். மூன்றாம் நாள் அவர் சொன்னதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது: "தாண்டிக்கு அப்பால செட் இல்ல, அதனால பெற்றோல் இல்ல. இங்க செட் இருக்கு, மீற்றர் இருக்கு, அடிக்கிற பொடியன் இருக்கான், பெற்றோல் மட்டும் இல்ல. எது தம்பி பாலைவனம்?"

அப்புறம் வண்டிப் பிரச்சினை. பல்சர் பயிற்சிக்குத்தான், பயணத்துக்கு ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன். 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அண்ணனுக்கு அதைவிட நிம்மதியான ஐந்து வருடங்கள் வாழ்க்கையில் இல்லை. 2025-இல் திறந்துவிட்டார்கள். தேநீர்க் கடையில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் பிளேன்டியை மெதுவாக வைத்துவிட்டு, "இங்க 450 சீசீக்கு மேல ஓட்ட விட மாட்டாங்க. புது ஹிமாலயன் 452" என்றார். இரண்டே இரண்டு சீசீ. அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது துக்கம்தான் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

ஒத்திகைகள் நடந்ததுண்டு. மணலில் ஓட்டப் பழக வேண்டும் என்று ஆடி மாதம் காய்ந்து கிடந்த கும்புக்கன் ஓயாவில் இறங்கினார். மணலுக்கு டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது சரியான பாடம்; டயர் மணலில் அகலமாகப் பரந்து மிதக்கும். குறைத்தார். பைக் மிதந்துகொண்டே போய், மணல் அள்ளிக்கொண்டிருந்த ட்ரக்டருக்குப் பக்கத்தில் அச்சுவரை இறங்கி நின்றது. கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். காற்றுப் பம்ப் பட்டியலில் அடுத்த பக்கத்தில் இருந்ததால் வீட்டிலேயே இருந்துவிட்டது.

இன்னொரு முறை, தனிமையில் நீண்ட தூரம் ஓட்டிப் பழக புத்தல–கதிர்காமம் வீதியைத் தேர்ந்தார். ஆளரவமில்லாத காடு, கொதிக்கும் தார், முழங்கால் கவசம், கையுறை. வளைவில் யானை நின்றது. அந்த வீதி யானைகள் வண்டி மறித்து வாழைப்பழம் வாங்கிச் சாப்பிடுவது குழந்தைக்கும் தெரியும். அண்ணனிடம் குளுக்கோஸ் இருந்தது, தேள்கடிக்கு மருந்து இருந்தது, வாழைப்பழம் இல்லை. தார்ப் பாலைவனத்தில் யானை கிடையாது என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை. வந்த வழியே திரும்பிய வேகத்தில் பல்சர் அன்று காட்டிய மைலேஜ் கொப்பியில் சிவப்பு மையில் ஏறியிருக்கிறது.

வீட்டில் அண்ணியின் தரப்பு வேறு. தார்ப் பாலைவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீட்டர் தண்ணீர் என்று அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். ஜூன் முடியும்போது கச்சான் காற்று ஊவாவின் இந்தப் பக்கம் அனலாக இறங்கும்; மலையின் மறுபுறம் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று. பதுளைப் பக்கத்துத் தேயிலைக்கு அது வாசம் ஏற்றும். மொனராகலைக் கிணற்றுக்கு அடியைக் காட்டும். அப்புறம் பவுசர்தான் கதி. அண்ணி வீதியோரம் வரிசையில் வைப்பது அந்த இரண்டு பச்சைக் கேன்களை. "ஒங்க பாலைவனத்துல தாராளமாத்தாங்க குடுக்குறாங்க" என்றார் கணக்கைப் பார்த்துவிட்டு. கேனை இனிப் பெற்றோலுக்குத் தரமாட்டேன் என்பதும் அன்றே முடிவாயிற்று.

எல்லாவற்றையும் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவர் அண்ணனின் அப்பாயி. எண்பதை ஒட்டிய வயது. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன் காட்டுப்பாதை திறந்ததும், பொத்துவிலுக்கு பஸ் ஏறி, உகந்தை முருகனைக் கும்பிட்டு, குமண, யால என்று ஐந்தாறு நாள் நடந்து கதிர்காமம் சேர்ந்தவர். ஒருமுறை அல்ல, பல முறை. ஒரு பை அரிசி, ஒரு சேலை, ஒரு செம்பு. செருப்புக்கூடக் கிடையாது. தண்ணிக்கு என்ன செய்தீர்கள் என்று அண்ணன் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டபோது, "ஆத்து மணலத் தோண்டுனா ஊறுது" என்றார். அண்ணன் எழுதவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

பைக்கை இந்தியாவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் கொப்பி பல மாதம் நின்றது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் ஓடத் தொடங்கியது. ஆட்களை ஏற்றும், வண்டியை ஏற்றாது. கொள்கலனில் அனுப்பினால் கார்னே என்றொரு சுங்கப் பத்திரம், அதற்குப் பிணைக் காசு. அண்ணன் இதை விளக்கிக்கொண்டிருக்கையில் அப்பாயி குறுக்கே வந்தார்.

"அதென்ன பெரிய காரியம்? ரயில்ல தலைமன்னாரு. அங்க கப்பலு. ராமேஸ்வரத்துல எறங்குனா மண்டபம் கேம்பு."

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பாயியின் அண்ணனுக்கு இந்தியா விழுந்தது, அப்பாயிக்கு இலங்கை. வழி முழுவதும் மனப்பாடம். அந்தக் கப்பல் எண்பதுகளில் போரோடு நின்றுபோனதை அண்ணன் சொன்னார். அப்பாயி கேட்டது வேறு.

"அவ்வளவு தூரம் போறியே, அங்க என்ன கோயிலு?"

யோசிக்காமல் சொல்லிவிட்டார். ஜெய்சல்மேருக்கு அப்பால், எல்லையோரம், தனோட் மாதா கோயில். 1965 போரில் சுற்றிலும் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லையாம், அங்கே பட்டாளத்துக்காரர்களே பூசை பார்க்கிறார்கள்.

"அப்ப நானும் வாறேன்."

அண்ணனுக்கு வியர்த்தது. பின் சீட், வெயில், எல்லை என்று அடுக்கிப் பார்த்தார். கடைசியில் பிடி கிடைத்தது. "பாஸ்போட்டு வேணும் அப்பாயி. அதுக்குப் பொறப்புச் சாட்டிபிக்கட்டு, ஐடென்டி, எல்லாம் கேப்பாங்க."

அப்பாயி உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிரஜாவுரிமைப் பத்திரம், கல்யாணத் துண்டு, தோட்டத்துச் செக்ரோல் நகல்வரை மடிப்புக் குலையாமல் இருந்தன. ஒரு தாளில்லை என்று சொல்லி நாட்டையே மாற்றிவிடக்கூடிய காலத்தில் வளர்ந்த ஆள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒம் பாஸ்போட்ட எடு, பாப்போம்."

அண்ணன் சி.ஆர். கொப்பியைப் புரட்டினார்.

"அது லிஸ்ட்ல 43-ஆவது அப்பாயி. இப்ப 12-லதான் நிக்குது."